ஆயுத பூஜைக்கு எட்டாத ஃபில்டர்

உப்புத் தண்ணீர் மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் மீனை நினைத்துக்கொண்டு போவார்கள். நான் என் மூத்தாரின் கைகளை நினைத்துக்கொண்டு போனேன். அந்தக் கைகள் திறக்க முடியாத, கழற்ற முடியாத, தேய்த்துக் கழுவ முடியாத ஃபில்டர் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் யோசித்தது இதைத்தான்.

மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன். ஜீவனஹள்ளியில் எங்களுடைய வீட்டில் மாடியில் அவரும் என் ஓரகத்தியும் இருக்கிறார்கள், கீழே நாங்கள். மூத்தார் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே உலகத்தில் கரண்டில் ஓடுகிற எல்லாமே தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ஒரு நினைப்பு. என் மிக்சி, என் ஸ்கூட்டர், என் வாஷிங் மெஷின் எதையும் என்னைக் கேட்டுவிட்டுத் திறந்ததில்லை. திறந்து, துடைத்து, மூடிவிட்டு, "இப்ப பாரும்மா, புதுசு மாதிரி கீது" என்பார். நன்றி சொல்லும் வரை அங்கேயே நிற்பார்.

அவர்கள் கோலார் தங்கவயல் குடும்பம். சுரங்கத்தில் வேலை செய்த வீடுகளில் ஆயுத பூஜை தீபாவளியை விடப் பெரியது. மிஷினைப் பிரித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்று முழுக்க அதை ஓட விடாமல் ஓய்வு கொடுக்க வேண்டும். மறுநாள் விஜயதசமி காலையில்தான் சுவிட்சைப் போடலாம். நான் ஆனேக்கல் பெண். எங்கள் வீட்டிலும் பூஜை உண்டு, வண்டிக்கு எலுமிச்சம்பழம் உண்டு, ஆனால் ஓடுகிற சாமானை நிறுத்தி வைக்கிற அளவுக்கு பக்தி கிடையாது. மாடியில் ஃபிரிட்ஜை மட்டும் என் ஓரகத்தி வருஷா வருஷம் சண்டை போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் வேறு எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்படித்தான் முதல் தொட்டி வந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன் ஒரு ஜோடி, ஒரு சிவப்பு இறால். பெரிய மீன் பெண், சின்னது ஆண். பெண் முறைத்தால் ஆண் உடம்பை உதறிக்கொண்டு ஓரமாகப் போய்விடும். எனக்கு அந்தக் குடும்பம் ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் தொட்டிக்கு ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தவர் மூத்தார்தான். கேனிஸ்டர் என்பார்கள், மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும். தொட்டியிலிருந்து ஒரு குழாயில் தண்ணீர் உள்ளே போய், பஞ்சு வழியாகவும் வெள்ளைப் பீங்கான் வளையங்கள் வழியாகவும் ஓடி, இன்னொரு குழாயில் திரும்பி வரும். "நாலு கிளிப்பு, திறந்தா எல்லாம் கைக்கு வந்துடும். சர்வீசுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார். அப்போது எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சில மாதங்களில் அந்த வெள்ளை வளையங்கள் பழுப்பேறி வழவழவென்று ஆகிவிடும். ஆக வேண்டும். அந்த வழவழப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வருகிற அமோனியா விஷம், அதைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான். இதை நான் அவருக்கு ஒரு முறை நிதானமாக விளக்கினேன். "அழுக்குக்கு உயிரா?" என்று கேட்டு, என் ஓரகத்தியையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்கு டூட்டி. நோயாளிகளுக்கு ஓய்வு நாள் கிடையாது. நான் போனதும் மூத்தார் தட்டோடு கீழே இறங்கியிருக்கிறார். ஃபில்டரின் பிளக்கைப் பிடுங்கி, கிளிப்புகளைத் திறந்து, வளையங்களைக் கொட்டி, துணி சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று தேய்த்து, மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்துவிட்டார். நான் சாயங்காலம் வந்தபோது ஃபில்டர் சாமி அறையில் ஸ்பேனர்களுக்கு நடுவே சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இறால் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

பதறிப் போய் எல்லாவற்றையும் மாட்டி ஓட விட்டேன். தண்ணீர் ஓடியது, ஆனால் அதைச் சுத்தம் செய்ய வேண்டிய உயிர்கள் ஒன்றுகூட இல்லை. புதுத் தண்ணீர் கலந்து மாற்றி மாற்றிப் பார்த்தேன். விஜயதசமியன்று ஆண் மீன் செத்தது. அதற்கு அடுத்த நாள் பெண்.

அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது அவர் சொன்னது இது: "மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல, நானே சுத்தம் பண்ணது. உப்பு கலந்தது யாரு? அவதானே. பாவம், அவ கைக்கு ஆவலை."

வெளியாருக்கு இது சின்னப் பேச்சாகத் தெரியலாம். எங்கள் குடும்பத்தில் கை ராசி என்பது சின்ன விஷயமில்லை. அதுவரை நான்தான் ராசிக்காரி. உறவில் யார் கடை திறந்தாலும் முதல் போணி என் கையால்தான் நடக்கும். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், அந்தக்கா வரட்டும் என்று எனக்காகக் காத்திருப்பார்கள். மூத்தாரின் மகள் ஹெப்பகோடியில் ஃபிளாட் புக் பண்ணின அன்றே, "பால் காய்ச்சறது சித்தி கையாலதான்" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் தூக்கி வளர்த்த பெண். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் என்று யாருக்கும் சொன்னதில்லை.

மீன் செத்த பிறகு அந்தப் பேச்சு மெதுவாகக் கரைந்தது. முதலில் ஒரு கடை திறப்புக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டுப் போணியை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். பிறகு ஒரு வளைகாப்பில் நான் வளையலை எடுத்தபோது என் ஓரகத்தி, "நீ இரும்மா, ஃபோட்டோ எடு" என்றாள். கடைசியில், வருகிற ஐப்பசியில் மகளின் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்தபோது, பால் காய்ச்சத் தன் தங்கையை வரச் சொல்லிவிட்டதாக மூத்தார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பெண்கள் இந்த மாதிரி நேரத்தில் அழுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் புதுத் தொட்டி வாங்கத் தீர்மானித்தேன். அவர் வாயாலேயே, எல்லார் முன்னாலும், அவர் சொன்னதைத் திரும்ப எடுக்க வைக்க வேண்டும். ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு மீன் கடை. கடைக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எந்த மீனு வைக்கப் போறீங்க மேடம்?"

"அதை அப்புறம் பாக்கலாம் பாய். ஒரு ஆளால கழுவவே முடியாத ஃபில்டர் எது?"

"ஈஸியா கழுவறதுதான் எல்லாரும் கேப்பாங்க," என்றார் அவர் குழம்பிப்போய்.

"எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு. கழுவிக் கழுவிக் கொன்னுடுவாரு."

சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். தொட்டி விளிம்பில் மாட்டித் தொங்கவிடுகிற ஃபில்டர். கண்ணுக்கு நேரே இருக்கும், மூத்தார் நடந்து போகிற போக்கிலேயே பஞ்சை உருவிவிடுவார், வேண்டாம். கேனிஸ்டரைத் தொடக்கூட இல்லை. தொட்டிக்கு உள்ளேயே ஒட்டுகிற சின்ன ஃபில்டர் உப்புத் தண்ணீருக்குப் போதாது. கடைசியில் சம்ப் என்று ஒன்றைக் காட்டினார். பெரிய தொட்டிக்குக் கீழே, மர அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும், தடுப்புத் தடுப்பாகக் கடந்து வரும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். சுத்தம் செய்கிற சாமான் எல்லாம் கீழேயே இருக்கும்.

"அலமாரிக்குப் பூட்டுப் போடலாமா?"

"தாராளமா."

எனக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது.

அடுத்தது பாக்டீரியா குடியிருக்க இடம். வளையம் வேண்டாம், அள்ளிக் கழுவ அது ரொம்ப வசதி. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை விற்கக் கூடாது என்பது சட்டம் என்றார் கடைக்காரர். அதற்குப் பதில் செயற்கையாகச் செய்த, துளைத் துளையான கல் இருந்தது. பெரியதாகப் பார்த்து எடுத்தேன். அவற்றை மேல்தொட்டியில் மலை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி அடுக்கச் சொன்னேன். மலையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்புப் போட எங்கள் மூத்தாராலும் முடியாது. மிச்சம் சில துண்டுகள் சம்புக்குள் போயின. மோட்டாருக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் இழுக்க வைத்தேன். கரண்ட் போனாலும் ஓடும், வீட்டு மெயினை யாராவது பக்தியோடு அணைத்தாலும் ஓடும்.

புரோட்டீன் ஸ்கிம்மரை மட்டும் நான் ஆசைப்பட்டு வாங்கினேன். அது தண்ணீரில் பொடிப் பொடிக் குமிழ்களைக் கிளப்பும். தண்ணீரில் கரைந்த அழுக்கு அந்தக் குமிழ்களில் ஒட்டி, நுரையாக மேலே ஏறி, ஒரு கோப்பையில் வழிந்து கறுப்பு டிக்காஷன் மாதிரி தேங்கும். அந்தக் கோப்பையை அடிக்கடி கழுவ வேண்டும், கழுவினால்தான் நல்லது. நாற்றம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கடைக்காரர் மூக்கைப் பொத்திக் காட்டினார். "அதையே குடுங்க" என்றேன்.

தொட்டி பழக வாரங்கள் ஆயின. மீன் இல்லாத தண்ணீரில் கொஞ்சம் தீனி போட்டு, அமோனியா ஏறி, பாக்டீரியா பெருகி, அமோனியா இறங்கும் வரை காத்திருந்தேன். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டும். விஷம் இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள். எனக்கு இது பழகிய வேலை. மஞ்சள் வந்த பிறகே மறுபடி ஒரு கிளவுன் ஜோடியைக் கொண்டுவந்தேன்.

மூத்தார் இறங்கி வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"இன்னாம்மா, மீனுக்கு லாக்கரா?"

"ஆமா மாமா. ஆனா உங்களுக்குன்னு ஒரு வேலை எடுத்து வெச்சிருக்கேன். உங்களை மாதிரி கழுவ யாருக்கு வரும்?" என்று சொல்லி ஸ்கிம்மர் கோப்பையைக் கையில் கொடுத்தேன்.

வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை, சுத்தம்தான் அவர் பெருமை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தார். அதன் பிறகு அவர் லீவு நாளெல்லாம் கோப்பை மாடிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு முன்னால் பார்த்துக் கொடுத்தனுப்புவேன். என் ஓரகத்தி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கீழே கேட்கும். அது எனக்கு நல்ல பாட்டு.

ஆனால் அது வெறும் சில்லறைச் சந்தோஷம். பெரிய கணக்கு பாக்கியிருந்தது. ஆயுத பூஜை நெருங்கியதும் சம்பிலிருந்து சில கல் துண்டுகளை எடுத்தேன். பாதியை ஒரு கிண்ணத்தில் போட்டு மாடிக்குக் கொண்டுபோனேன்.

"மாமா, பூஜை வருது. இந்தக் கல்லெல்லாம் வழவழன்னு இருக்கு, பாக்க அசிங்கமா இருக்கு."

"இத்தினி நாள் இதைச் சொல்லவே இல்லியே நீ," என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சோப்பு, பிரஷ், வெயில். பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்.

பின்கட்டில் இரண்டு வாளி வைத்தேன். இரண்டிலும் ஒரே உப்புத் தண்ணீர், ஒரே மாதிரி காற்றுக் குழாய், ஒரே அளவு தீனி. ஒன்றில் நான் கழுவாத கல், இன்னொன்றில் அவர் கழுவிய கல். மீன் இல்லை. கணவர் பார்த்துவிட்டு என்ன இது என்றார். பூஜைக்கு என்றேன்.

பூஜையன்று நான் லீவு போட்டேன். மூத்தார் தட்டோடு இறங்கி வந்தார், பின்னால் ஓரகத்தி, மகள், ஊரிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அவர் தங்கை. அலமாரியைத் திறந்து காட்டினேன். மோட்டாரும் ஸ்கிம்மரும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன.

"ஆஃப் பண்ணும்மா. மிஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணும்."

"பண்றேன் மாமா. அதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் பின்னாடி வாங்க."

இரண்டு வாளியிலிருந்தும் தண்ணீர் எடுத்தேன். எது எந்த வாளி என்று சொன்னேன், நிறத்தின் அர்த்தம் என்ன என்றும் சொன்னேன். சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தேன். என் வாளித் தண்ணீர் மஞ்சளாக நின்றது. அவர் வாளித் தண்ணீர் மெல்ல மெல்லக் கறுத்த பச்சையானது.

"ரெண்டுலயும் உப்பு கலந்தது இந்தக் கைதான் மாமா. தீனி போட்டதும் இந்தக் கைதான். கல்லைக் கழுவினது மட்டும் உங்க கை."

அவர் இரண்டு குழாய்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பச்சைன்னா நல்லதுதானேம்மா," என்றார். "மங்களகரமான கலரு."

முதலில் சிரித்தது அவர் மகள்தான். நான் சிரிக்கவில்லை. உள்ளே போய் மீன் பிடிக்கிற வலையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். பச்சை காட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். "நல்லதுன்னா, ஒரு மீனைப் பிடிச்சு இதுல விடுங்க மாமா. உங்க கையாலயே."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்க வழியில்லை. அவர் தொட்டியில் வலையை விட்டார். தீனி என்று நினைத்துப் பெண் மீன் தானாகவே வந்து வலைக்குள் நுழைந்தது. தூக்கினார். வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மீன் துள்ளியது. வாளிக்கு மேலே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

விட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கணவர் பிறகு கேட்டார். பிடுங்கியிருப்பேன் என்றேன். அது பொய்.

"வேணாம்மா," என்றார் மூத்தார். "செத்துடும்."

மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வலையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"எதனால செத்துடும் மாமா?"

"கழுவினதால."

"யாரு கழுவினதால?"

வலையைப் பார்த்து முனகினார். "நான்தான்."

"போதும்," என்று கணவர் என் காதோரம் சொன்னார். எது போதும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ராசி கெட்டவள் என்று ஒரு வருஷம் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நின்றவள் நான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாமா. அக்கா கதவாண்ட நிக்கறாங்க, அவங்களுக்குக் கேக்கல," என்று ஓரகத்தியைக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "நான்தான்," என்றார் சத்தமாக. "போன வருஷமும் நான் கழுவினதாலதான் செத்துச்சு. அவ கை மேல தப்பு இல்ல. போதுமா?"

இப்போது போதும். குங்குமத்தை நானே எடுத்து அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் வைத்தேன். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, நீங்கதான் பால் காய்ச்சணும். காலைலயே வந்துடுங்க."

அவள் கை சூடாக இருந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "நீ கூப்பிட்டா பத்தாது கண்ணு," என்றேன். "ராசியில்லைன்னு சொன்ன வாய் வந்து கூப்பிடட்டும்."

பெரிய மனதோடு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று அன்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் யாருடைய கையையும் யாரும் தட்டிவிட்டதில்லை.

மறுநாள் காலையில் அவர் இறங்கி வந்தார். இந்த முறை உள்ளே நுழையவில்லை. கிரில் கேட்டுக்கு வெளியே செருப்போடு நின்று, "எம்மா," என்று கூப்பிட்டார். நான் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். "பாப்பா வீட்டுக்கு நீதான் வந்து பால் காய்ச்சணும்மா. நான்தான் கூப்பிடறேன்," என்றார். குரல் இறங்கியிருந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

மீன்கள் சாப்பிட்டு முடிக்கட்டும், பதில் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். தீனியை ஒவ்வொரு துணுக்காகப் போட்டேன்.